உப்புக் கணக்கு: திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் இசைவாணையும் அதன் கண்காணிப்பும்

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் உருவாகி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யல், பருவமழையை மட்டுமே நம்பிய ஆறு. ஆண்டின் பெரும்பகுதியில் திருப்பூருக்குக் கீழே இந்த ஆற்றுக்கென்று சொந்த நீர் கிடையாது; நகரங்கள் விடும் சாக்கடை நீரும் ஆலைகள் விடும் கழிவுநீரும்தான் அதன் ஓட்டம். தொழிற்சாலைக் கழிவுநீருக்கான தர வரம்புகள் பலவும், கழிவு போய்ச் சேரும் ஆற்றில் அதை நீர்த்துப்போகச் செய்யப் போதிய வெள்ளம் இருக்கும் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்டவை. அந்த எண்ணம் நொய்யலுக்குப் பொருந்தவில்லை. திருப்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த வழக்குகளுக்கும் உத்தரவுகளுக்கும் மூடல்களுக்கும் அடிப்படையாக இருந்தது இந்தப் பொருத்தமின்மைதான் என்பது என் கணிப்பு.

இந்த ஆய்வு திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வரலாறு அன்று. கழிவுநீர் விட மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்குத் தரும் அனுமதியான இசைவாணையில் எழுதப்பட்ட நிபந்தனை களத்தில் நிறைவேறுகிறதா என்பதை ஒரு கண்காணிப்பு அதிகாரி எதை அளந்து அறிய முடியும், எதை அளந்தால் ஏமாறுவார் என்ற கேள்வியை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பட்டறைக்குள் நடப்பது

பருத்திப் பின்னல் துணிக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் வகைச் சாயங்களே பயன்படுகின்றன. சாயம் கரைசலிலிருந்து நூலிழைக்கு நகர்வதற்கு உப்பு தேவை. சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு, அல்லது சோடியம் சல்பேட், சாயக் கரைசலில் லிட்டருக்கு 40 கிராம் முதல் 100 கிராம் வரை, நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்துச் சேர்க்கப்படுகிறது. கறுப்பும் கருநீலமும் அதிக உப்பைக் கேட்கும். வெளிர் நிறங்களுக்குக் குறைவாகப் போதும். சாயத்தில் ஒரு பகுதி துணியில் பிணைந்துகொள்ள, எஞ்சியது தண்ணீரோடு வெளியேறுகிறது. உப்போ துணியில் தங்குவதே இல்லை. போட்ட உப்பு ஏறத்தாழ முழுவதும் கழிவுநீருக்கு வந்துவிடும்.

கழிவுநீரின் நிறத்தைச் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் இட்டு ஓரளவு படியவைக்கலாம். கரிமப் பொருள்களை நுண்ணுயிர்த் தொட்டியில் சிதைக்கலாம். கரைந்த உப்பை இந்த இரண்டு முறைகளும் தொடவே மாட்டா. சுண்ணாம்பு சேர்ப்பதால் அது சற்றுக் கூடவும் செய்யும். 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த இரண்டு படிகளோடு நின்றவை. அவற்றிலிருந்து வெளிவந்த நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்திருக்கலாம். ஆனால் அதை ஏற்ற ஆறும், ஆற்றங்கரைக் கிணறுகளும், அந்தக் கிணறுகளை நம்பிய தென்னையும் மஞ்சளும் உப்பைத்தான் பெற்றன.

இசைவாணை சொன்னதும் சொல்லாததும்

1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கழிவுநீர் வெளியேற்றும் எந்தத் தொழிற்சாலையும் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற்றாக வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1982இல் அமைக்கப்பட்டது. இசைவாணையில் நாளொன்றுக்கு எத்தனை கிலோ லிட்டர் கழிவுநீர் உருவாகலாம், அது எந்த வழியில் அகற்றப்பட வேண்டும், வெளியேறும் நீரின் தரம் எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் ஆகிய மூன்றும் குறிக்கப்படும். நிலமேற்பரப்பு நீர்நிலைகளில் விடுவதற்கான வரம்பில் கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு, தொழிலில் உள்ளோர் அன்றாடம் சொல்லும் டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என வைக்கப்பட்டிருந்தது.

செறிவை மட்டும் வரம்பாக வைப்பதில் உள்ள ஓட்டையை ஒரு கணக்கால் காட்டிவிடலாம். நாளொன்றுக்கு 5 டன் துணிக்குச் சாயமிடும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் சாயக் கரைசல், கரைசலில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று கொண்டால், கிலோவுக்கு 360 கிராம் வீதம் நாளொன்றுக்கு 1,800 கிலோ உப்பு செலவாகிறது. வெளுத்தல், சாயமிடல், அலசல் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 60 லிட்டர் தண்ணீர் என்றால், 300 கிலோ லிட்டர் கழிவுநீர் வரும். அதன் சராசரி டி.டி.எஸ். உப்பால் மட்டுமே லிட்டருக்கு 6,000 மில்லிகிராம். இந்த நீரை 2,100க்குக் கொண்டுவர, 500 மில்லிகிராம் டி.டி.எஸ். உள்ள நல்ல தண்ணீரை ஏறத்தாழ 730 கிலோ லிட்டர் கலந்தால் போதும். மாதிரி எடுத்தால் பட்டறை வரம்புக்குள் நிற்கும். ஆனால் ஆற்றுக்குப் போன உப்பு அதே 1,800 கிலோதான். அதோடு, நீர்ப்பஞ்சமுள்ள வட்டாரத்தில் 730 கிலோ லிட்டர் நல்ல தண்ணீரும் வீணாகியிருக்கும்.

இப்படி எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் ஒரே வறண்ட ஆற்றின் கரையில் இயங்கின என்பதை நினைத்தால்தான், ஒரத்துப்பாளையத்தில் நேர்ந்தது விளங்கும்.

அணையில் தேங்கியது

சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்கென்று பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாக மாறிற்று. அணையைத் திறந்தால் கீழே பயிர் கெடுகிறது, திறக்காவிட்டால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊறுகிறது என்ற இக்கட்டில் உழவர்கள் சிக்கினர். பாசனத்துக்காகக் கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று ஆயக்கட்டு உழவர்களே கேட்கும் நிலை வந்தது. எந்தக் கண்காணிப்பு அமைப்புக்கும் இதைவிடக் கடுமையான தோல்விச் சான்று இருக்க முடியாது.

மேலே இருந்த பட்டறைகளில் பல முறையான இசைவாணை பெற்றவை, பல பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உறுப்பினராக இருந்தவை என்பதை இங்கே கவனத்தில் கொள்ள வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றின் கோப்பிலும் ஆய்வறிக்கைகள் இருந்தன. ஆற்றின் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு, அதில் எல்லோரும் சேர்ந்து விடும் உப்பு எவ்வளவு என்ற கூட்டுத்தொகையை எந்தக் கோப்பும் கேட்கவில்லை.

நீதிமன்றத்தின் படிகள்

கரூர் வட்டத்து நொய்யல் கால்வாய் உழவர்கள் 1996இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர்; சுத்திகரிப்பு வசதி இல்லாத பட்டறைகளை மூடும்படி 1998 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. பட்டறைகள் சுத்திகரிப்பு வசதிகளைக் கட்டின, அல்லது பொது நிலையங்களில் சேர்ந்தன. உப்பு மட்டும் தொடர்ந்து ஓடியது. நொய்யல் ஆறு ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003இல் மீண்டும் வழக்குத் தொடர்ந்தது. இதற்கிடையே, உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டு வேலூர் தோல் ஆலை வழக்குத் தீர்ப்பின் வழியே உருவான சூழல் இழப்பு ஆணையம், 2004 டிசம்பரில் நொய்யல் கரையின் 28,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீட்டை நிர்ணயித்தது.

2006 டிசம்பர் 22ஆம் நாள் தீர்ப்பு கண்காணிப்பு நோக்கில் முக்கியமானது. 2007 ஜூலை இறுதிக்குள் பட்டறைகள் பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்ற நிலையை, வட்டாரத்தில் எல்லோரும் ஜீரோ டிஸ்சார்ஜ் என்று சொல்வதை, எட்ட வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை படிப்படியாக உயரும் அபராதம் கட்ட வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் கூறியது. லிட்டர் கணக்கில் அபராதம் என்பது கருத்தளவில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. நீரளவி காட்டும் எண் உண்மையாக இருக்க வேண்டும்; அபராதம் சுத்திகரிப்புச் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை நிறைவேறாத இடத்தில் அபராதம் ஒரு கட்டணமாகவே எடுத்துக்கொள்ளப்படும். கட்டிவிட்டுத் தொடர்ந்து விடலாம் என்ற கணக்கை எந்த முதலாளியும் போட்டுப் பார்ப்பார்.

மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபர் 6 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை உறுதிசெய்து, நிபந்தனையை நிறைவேற்ற மூன்று மாதம் தந்தது. அந்தக் கெடுவும் கடந்தது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம், சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் சேர்த்தே, மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் ஆணையிட்டது. உண்மையாகவே பணம் செலவழித்து ஆர்.ஓ., அதாவது நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் அமைப்பு, அமைத்தவரும் ஒன்றுமே செய்யாதவரும் ஒரே நாளில் மூடப்பட்டனர். அந்த ஆணையை நான் தவறு என்று சொல்லமாட்டேன். உழவர்கள் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஆனால் நேர்மையான பட்டறை எது, மற்றது எது என்று நீதிமன்றம் நம்பிப் பிரிக்கக்கூடிய தரவைக் கண்காணிப்பு அமைப்பு தந்திருந்தால், அனைவருக்கும் ஒரே ஆணை தேவைப்பட்டிருக்காது. தரவு இல்லாததன் விலையைத் தொழிலாளர்களும் சேர்ந்து கொடுத்தார்கள்.

மாதிரிப் புட்டி எதைச் சொல்லும்

சட்ட மாதிரி எடுப்பதை அருகிலிருந்து பார்த்தால் அதன் வலுவும் வரம்பும் தெரியும். நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, பகுப்பாய்வுக்காக மாதிரி எடுக்கிறேன் என்ற அறிவிப்பை அதிகாரி அங்கேயே பொறுப்பாளரிடம் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கொள்கலன்களிலும் குறியிட்டு முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போகும். பொறுப்பாளர் கேட்டுக்கொண்டால் மற்றது அரசின் நீர் ஆய்வகத்துக்குப் போகும். இந்த நடைமுறையில் ஒரு படி தவறினாலும் முடிவு நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது. பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன் அளவு) சோதனைக்கான புட்டியைப் பனிக்கட்டியில் 4 டிகிரிக்குக் குளிர்வித்துக் கொண்டுபோக வேண்டும், சி.ஓ.டி.க்கான (அதே கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) புட்டியில் கந்தக அமிலம் சேர்த்திருக்க வேண்டும். பி.ஓ.டி. முடிவுக்கு, 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கும் நம் நாட்டு முறையில், மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவு கவனத்தோடு எடுத்த மாதிரியும் ஒரு கணத்தின் செய்திதான். அதிகாரியின் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வால்வு மூடப்படலாம். நள்ளிரவில், அதிலும் மழை பெய்யும் இரவில், திறந்துவிடப்படும் கழிவு பகல் மாதிரியில் அகப்படாது. ஜீரோ டிஸ்சார்ஜ் நிபந்தனை வந்த பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. வெளியேறும் குழாயே இருக்கக் கூடாத ஆலையில் எந்த இடத்தில் மாதிரி எடுப்பது? பல ஆய்வுகளில் அதிகாரிகள் சுத்திகரித்து மறுபயன்பாட்டுக்குப் போகும் நீரின் மாதிரியை எடுத்துச் செல்வதுண்டு. ஆர்.ஓ.வில் வடிந்த அந்த நீர் நன்றாகத்தான் இருக்கும். சட்டமீறல் நடந்தால் அது நடப்பது ஆர்.ஓ. ஒதுக்கித்தள்ளும் அடர்நீரில், பட்டறை மொழியில் ரிஜெக்ட்டில்.

எனவே ஜீரோ டிஸ்சார்ஜ் ஆலையைக் கண்காணிப்பது தர ஆய்வாக அல்லாமல் கணக்குத் தணிக்கையாக மாற வேண்டும் என்பதே இந்த நிகழ்விலிருந்து நான் எடுக்கும் முடிவு. பொற்கொல்லரிடம் தங்கத்தை எடைபோட்டுக் கொடுத்தவர், நகையையும் சேதாரத்தையும் சேர்த்து எடைபோட்டுத் திரும்பப் பெறுவதைப் போல, உள்ளே போன உப்பும் தண்ணீரும் எங்கே இருக்கின்றன என்று கேட்க வேண்டும். உப்பு ஆவியாகாது, சிதையாது, மக்காது. கண்காணிப்பவருக்கு இதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

கணக்கைச் சரிபார்க்கும் விதம்

மேலே சொன்ன 5 டன் பட்டறைக்கே வருவோம். அதன் 300 கிலோ லிட்டர் கழிவுநீரில் ஆர்.ஓ. 85 விழுக்காட்டை மீட்டால், 255 கிலோ லிட்டர் நல்ல நீர் பட்டறைக்குத் திரும்பும். 45 கிலோ லிட்டர் ரிஜெக்ட் எஞ்சும். போட்ட 1,800 கிலோ உப்பும் ஏறத்தாழ முழுவதும் அந்த 45 கிலோ லிட்டருக்குள் இருக்கும். லிட்டருக்கு 40 கிராம், கடல் நீரைவிடச் செறிவு. அதை ஆவியாக்கியில் காய்ச்சித்தான் உப்பைப் பிரிக்க வேண்டும்.

ஆவியாக்கி எரிபொருளைத் தின்னும் இயந்திரம். நான்கு கட்ட ஆவியாக்கியில் ஒரு டன் நீரை விரட்ட ஏறத்தாழ 300 கிலோ நீராவி வேண்டும். 45 டன்னுக்கு 13 டன்னுக்கும் மேல். விறகுக் கொதிகலனில் அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நாலரை டன் விறகு. நீராவியை இயந்திரத்தால் அமுக்கி மறுபடி பயன்படுத்தும் வகையாக இருந்தால் விறகுக்குப் பதில் மின்சாரம் செலவாகும். செலவை மிச்சப்படுத்த நினைப்பவர் முதலில் நிறுத்துவது இந்த இயந்திரத்தைத்தான். ஆகவே தணிக்கையாளர் முதலில் பார்க்க வேண்டிய பதிவேடும் இதன் பதிவேடுதான்.

ஆவியாக்கி பழுது என்று ஐந்து நாள் பதிவேட்டில் எழுதியிருக்கிறது, ஆனால் அந்த ஐந்து நாளும் சாயமிடல் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 225 கிலோ லிட்டர் ரிஜெக்ட் எங்கோ தேங்கியிருக்க வேண்டும். வளாகத்தில் உள்ள ரிஜெக்ட் தொட்டியின் கொள்ளளவு 100 கிலோ லிட்டர் என்றால், 125 கிலோ லிட்டருக்குக் கணக்கு இல்லை. புட்டியும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம்; ஓர் அளவு நாடாவும் துணி உற்பத்திப் பதிவேடும் போதும். இப்படிக் கிடைக்கும் முரண்பாடு, நீர்ச் சட்டத்தின் 33அ பிரிவின்படி மூடவும் மின்சாரத்தை நிறுத்தவும் உத்தரவிடும் முன்பு தரப்படும் காரணம் கேட்கும் அறிவிப்புக்கு உறுதியான அடிப்படையாக நிற்கும்.

ஒரே பதிவேட்டை நம்பக் கூடாது என்பதால், ஆலை எழுதாத கணக்குகளோடு ஒப்பிட வேண்டும். உப்பு வாங்கிய ரசீதுகள், சாயமிட்டுத் தந்த துணியின் எடைக்கான கூலிப் பட்டியல்கள், சுத்திகரிப்பு நிலையத்துக்கெனத் தனியே பொருத்திய மின்அளவியின் எண், தண்ணீர் வாங்கிய கணக்கு ஆகியவை வெவ்வேறு கைகளால் எழுதப்படுபவை. இந்தக் கடைசிக் கணக்குக்குத் திருப்பூரில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. நிலத்தடி நீர் உப்பாகிவிட்டதால் பட்டறைகள் லாரித் தண்ணீரையும், பின்னர் நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் திறனோடு அமைக்கப்பட்ட புதிய திருப்பூர் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீரையும் விலைக்கு வாங்கின. மீட்பு உண்மையாக நடந்தால் வாங்கும் நீர் சரிய வேண்டும். தொழில் மீண்ட பிறகு திட்டத்திலிருந்து தொழிற்சாலைகள் வாங்கும் தண்ணீர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கு மறுபயன்பாடு ஒரு காரணம். துணியின் அளவு குறையாமல் தண்ணீர்க் கணக்கு மட்டும் கூடும் பட்டறையில், மீட்ட நீர் எங்கே போகிறது என்று கேட்டாக வேண்டும்.

நீரளவிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் உறுப்பினர் பட்டறைகளில் மின்காந்த நீரளவிகள் உள்ளன. இவை குழாய் முழுவதும் நீர் நிரம்பி ஓடும்போதுதான் சரியாக அளக்கும். நீரளவிக்கு முன்பே பிரியும் ஒரு டி இணைப்பு, பழைய தொட்டிக்கு என்று விளக்கம் சொல்லப்படும் மண்ணுக்குள் புதைந்த ஒரு குழாய், இவற்றை அளவியின் திரை காட்டாது. பம்பு ஓடிய மணி நேரத்தை அதன் திறனால் பெருக்கி, வந்த விடையை அளவியின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுவது பழைய முறைதான். இன்றும் கைகொடுக்கும் முறை.

தொழில்நுட்பம் தந்த மாற்றம்

மூடலுக்குப் பின் திருப்பூர் மீண்டு வந்ததற்கு அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்துகாட்டப்பட்ட முறை ஒரு திருப்பம். எல்லா ரிஜெக்ட்டையும் காய்ச்சி உப்பாக்குவதற்குப் பதில், அதைச் சவ்வுகளால் மேலும் தூய்மையாக்கி, உப்புக் கரைசலாகவே சாயமிடலுக்குத் திரும்பத் தருவது இந்த முறை. இதனால் ஆவியாக்கியின் சுமை குறைகிறது, பட்டறை வாங்கும் உப்பும் குறைகிறது. இந்த முறையை அமைக்க 2011இல் தமிழக அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. உப்புக்கு விலை கிடைத்தவுடன் அதைத் திருட்டுத்தனமாக ஆற்றில் விடுவது நட்டமாகிறது. கண்காணிப்பின் பாதி வேலையை இந்தப் பொருளாதாரமே செய்கிறது என்பதால், இதை வெறும் பொறியியல் செய்தியாக நான் பார்க்கவில்லை.

2014 பிப்ரவரியில் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம், பதினேழு வகைப் பெருமாசுத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தி இணையவழித் தரவு அனுப்ப வேண்டும் என்று பணித்தது. ஜீரோ டிஸ்சார்ஜ் ஆலைகளில் நீரளவியும் கேமராவும் போதும் என்று வைக்கப்பட்டது. தரவு சென்னைக் கிண்டியில் உள்ள வாரியத் தலைமையகத்துக்கு நொடிகளில் வந்துசேர்கிறது. ஆனால் உணரியின் கண்ணாடியில் பாசியும் சாயமும் படிந்தால் எண் பொய்யாகும். உணரியைத் தெளிந்த நீரில் மூழ்கவைத்தால் எண் அழகாகும். நாள்முழுதும் நேர்கோடாக வரும் தரவு, இயங்கும் ஆலையில் இயல்பு அன்று. அதுவே ஐயத்துக்கு உரியது. கேமரா பார்ப்பதோ அது நோக்கும் திசையை மட்டும். எந்தக் கருவியும் உப்புக் கணக்குக்கு மாற்றாகாது.

பட்டியலில் இல்லாதவை

ஆற்றில் நுரை பொங்கும்போதெல்லாம் பழி சாயப்பட்டறைகள் மேல் விழுகிறது. நுரைக்கு வீட்டுச் சோப்புத் தூள் கலந்த சாக்கடை நீரும் காரணமாகலாம். கோவையும் திருப்பூரும் விடும் சாக்கடை நொய்யலில் தாராளமாகவே கலக்கிறது. இங்கே கையடக்க மின்கடத்துமை அளவி ஒன்று பெரிய உதவி. ஓடையில் அதை முக்கினால் ஒரு நிமிடத்தில் உப்பின் அளவை மதிப்பிடலாம். கடத்துமை ஏறியிருந்தால் சாயக்கழிவைத் தேடி மேல்நோக்கி நடக்கலாம். ஏறாமல், அம்மோனியாவும் மலக்கிருமிகளும் மட்டும் கூடியிருந்தால் அது சாக்கடை. இரண்டையும் குழப்பிக்கொண்டால், நேர்மையான பட்டறை அவப்பெயர் சுமக்கும், நகராட்சி தப்பித்துக்கொள்ளும்.

மேல்நோக்கி நடக்கும்போது பல நேரம் போய்ச் சேரும் இடம் இசைவாணை பெற்ற ஆலையாக இருப்பதில்லை. வீட்டின் பின்கட்டில் பட்டனுக்கும் ஜிப்புக்கும் சாயம் போடுபவர், ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் இரவில் மட்டும் சலவை செய்பவர் என்று, எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள் உண்டு. வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றுக்குள் கழிவை இறக்குவது இவற்றில் மிகக் கொடியது. ஆற்றில் விட்டது மழையிலாவது அடித்துச் செல்லப்படும், நிலத்தடியில் விட்டது பல தலைமுறைக்கு நிற்கும். 2011க்குப் பின் சாயவேலையின் ஒரு பகுதி பவானி, காவிரிக் கரையோர ஊர்களுக்கு நகர்ந்ததையும் மறக்கக் கூடாது. வாரியத்தின் பறக்கும் படைகள் இவர்களைத் தேடிப் பிடித்து மின் இணைப்பைத் துண்டிக்கின்றன. வேறு பெயரில், வேறு தெருவில் மறுபடி தொடங்குகின்றனர். இவர்களுக்குத் துணி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே சரியான வழி. சாயமிடக் கொடுப்பவர் இசைவாணை பெற்ற பட்டறைக்குத்தான் கொடுத்தார் என்பதைக் கூலி ரசீதில் இசைவாணை எண்ணோடு காட்டும்படி செய்தால், கொட்டகைகளைத் தேடி இரவில் அலையும் வேலை பாதியாகும்.

கடைசியாகக் கலப்பு உப்பு. சோடியம் சல்பேட்டைப் பிரித்தெடுத்த பிறகும், பல உப்புகளும் சாயமும் கலந்த, யாருக்கும் பயன்படாத எச்சம் மிஞ்சுகிறது. இது தீங்கு விளைவிக்கும் கழிவாகவே மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் அடுக்கிவைக்கப்படுகிறது. ஒரு மழையில் கூரை ஒழுகினால், ஆண்டுக்கணக்கில் பிரித்து வைத்த உப்பு ஒரே நாளில் ஓடைக்குப் போய்விடும். ஒவ்வோர் இசைவாணைப் புதுப்பித்தலின்போதும் இந்தக் கொட்டகையின் இருப்பை நீள அகல உயரம் அளந்து, முந்தைய ஆண்டு இருப்போடும் வாங்கிய உப்போடும் கூட்டிக் கழித்து, அந்த எண்ணை இசைவாணையிலேயே எழுதி, ஆயக்கட்டு உழவர்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதற்கு ஒரு நாள் வேலையும், அளவு நாடா பிடிக்க இரண்டு ஆட்களும் போதும்.